ஏலத்தில் எனக்கு விழுந்த ஓவர்லொக் மெஷினைத் தரமாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனைத் தையல் | வியாழன் இரவு 9.40
அவசரமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒன்லைன் ஏலத்தில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லொக் மெஷின் எனக்குத்தான் விழுந்தது. இப்போது ஆள் தரமாட்டாராம். இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? அதை நம்பி பள்ளிச் சீருடை ஓர்டர் எடுத்துவிட்டேன். நேற்றிரவு தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருதானை நானா | வியாழன் இரவு 9.52
தங்கச்சி, கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். எவ்வளவுக்கு விழுந்தது? காசு ஏதும் கட்டினீர்களா? ஆள் கொழும்பிலா வெளிநாட்டிலா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பழைய ரேடியோ | வியாழன் இரவு 10.05
நான் பதினைந்து வருடமாக ஏலத்தில் ரேடியோ வாங்குகிறவன். இது கள்ள ஏலம்தான். விற்பவரே இன்னொரு பெயரில் வந்து விலை ஏற்றியிருப்பார், எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை, அதனால் பின்வாங்குகிறார். ஏலம் கேட்ட மற்றவர்களின் பெயர்களைப் பாருங்கள். புதிதாகத் திறந்த கணக்கு இருக்கிறதா?

வெள்ளவத்தை ரமணி | வியாழன் இரவு 10.11
காசை கார்டில் கட்டியிருந்தால் பேங்கில் சொல்லி திருப்பி எடுக்கலாம் அக்கா. எனக்கு ஒரு முறை அப்படித்தான் கிடைத்தது. கார்டா?

புதுக்கடை வாசகன் | வியாழன் இரவு 10.30
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர் விவரம் தருவதில்லை, பதில் சொல்பவர் விவரம் இல்லாமலே தீர்ப்பு எழுதுகிறார். சட்டம் தெரியாதவர்கள் சற்றுப் பொறுத்தால் நல்லது. கேட்டவருக்கு நான்கு கேள்விகள். ஏலம் நேரம் முடிந்து தானாக மூடியதா, இடையில் நிறுத்தினாரா? குறைந்தபட்ச விலை ஏதும் வைத்திருந்தாரா? ஒரு சதமாவது கட்டினீர்களா? எழுத்தில் என்ன இருக்கிறது?

கொட்டாஞ்சேனைத் தையல் | வெள்ளி காலை 6.20
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன். ஆள் மஹரகமவில் பமுணுவப் பக்கம். பழைய தையல் மெஷின் வாங்கித் திருத்தி விற்பவர், கடைப் பெயரும் போட்டிருக்கிறார். ஜூகி கம்பனி மெஷின், நான்கு நூல், மோட்டரும் மேசையும் சேர்த்து. குறைந்தபட்ச விலை என்று எதுவும் போடவில்லை. ஞாயிறு இரவு 9 மணிக்கு நேரம் முடிந்தது, 84,000 ரூபாவுக்கு எனக்கு விழுந்தது. "வாழ்த்துகள்" என்று மெசேஜும் வந்தது. அடுத்த நாள் அவர் கேட்டபடி 20,000 அட்வான்ஸ் பேங்க் கணக்குக்குப் போட்டேன், கார்ட் இல்லை. சனிக்கிழமை வந்து எடுங்கள் என்றார். புதன்கிழமை "தென்ன பே (தர முடியாது), வேறு ஆள் கூடத் தருகிறார், அட்வான்ஸைத் திருப்பிப் போடுகிறேன்" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினார். சிங்களத்தை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். இதே மாதிரி மெஷின் பஞ்சிகாவத்தையில் 120,000 சொல்கிறார்கள்.

மட்டக்குளி ஜெகன் | வெள்ளி காலை 7.02
அக்கா, பொலிஸில் ஒரு என்ட்ரி போடுங்கள். நேரே மஹரகம பொலிஸ். கோல் எடுத்தாலே மெஷின் வீடு தேடி வரும்.

மருதானை நானா | வெள்ளி காலை 7.25
ஜெகன், அது அவ்வளவு லேசில்லை. ஏமாற்றுதல் என்று தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறதுதான், ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இவர் மெஷினை வைத்திருக்கிறார், காசையும் திருப்பித் தருகிறேன் என்கிறார். "இது சிவில் வழக்கு, சட்டத்தரணியைப் பாருங்கள்" என்றுதான் பொலிஸில் சொல்வார்கள். காசும் வராமல் ஆளும் மறைந்தால் அது வேறு கதை.

புதுக்கடை வாசகன் | வெள்ளி காலை 8.10
இப்போது பேசலாம். எங்கள் நாட்டில் அசையும் பொருள் விற்பனைக்கு 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டும்போது, அல்லது வழக்கமான வேறு முறையில் முடிவை அறிவிக்கும்போது, விற்பனை முடிகிறது என்று அதில் உண்டு. அதுவரை ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கட்டுப்பட்டவர்கள். உங்கள் ஏலம் முடிந்துவிட்டது, ஒப்பந்தம் பிறந்துவிட்டது. "வேறு ஆள் கூடத் தருகிறார்" என்பது சட்டத்தில் ஒரு காரணமே அல்ல.

அதே கட்டளைச் சட்டத்தில் இன்னொரு தடை உண்டு, பலர் அதில்தான் விழுகிறார்கள். எழுத்தில் கையெழுத்தோடு ஒரு குறிப்பு வேண்டும், அல்லது பொருளில் ஒரு பகுதியைப் பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைக் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் 20,000 கட்டியதால் அந்தத் தடை இல்லை. மெசேஜ்களுக்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் துணை நிற்கும். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது.

பழைய ரேடியோ | வெள்ளி காலை 8.44
சுத்தியலும் கடிகாரமும் ஒன்றா? இணையத்தில் ஏலக்காரர் என்று ஒருவர் இல்லையே. தளம் வெறும் பலகை மாதிரி. கடையின் கண்ணாடிக்குள் விலை எழுதி வைத்தால் அது விற்பேன் என்ற வாக்கு ஆகாது, வாங்க வாருங்கள் என்ற அழைப்புதான். அது எனக்கும் தெரியும்.

புதுக்கடை வாசகன் | வெள்ளி காலை 9.03
அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். கண்ணாடிக்குள் இருக்கும் பொருளுக்கு முடிவு நேரம் இருக்கிறதா? கூடக் கேட்பவருக்கே போகும் என்ற விதி இருக்கிறதா? நேரம் முடிவதே இணைய ஏலத்தின் "வழக்கமான வேறு முறை". அவுஸ்திரேலியாவில் 2007 இல் இதே பிரச்சினை வந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானம் ஒன்று இணைய ஏலத்தில் 150,000 டொலருக்கு விழுந்தது. இன்னொருவர் 100,000 கூடத் தருகிறேன் என்றதும் விற்பவர் மறுத்தார். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் விமானத்தையே கொடுக்கச் சொன்னது.

மட்டக்குளி ஜெகன் | வெள்ளி காலை 9.10
அப்போ அக்காவுக்கும் மெஷினையே வாங்கிக் கொடுக்கலாம்!

மருதானை நானா | வெள்ளி காலை 9.31
இல்லை தம்பி, இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த விமானம் தேடினாலும் கிடைக்காத பொருள், அதனால் பொருளையே கொடு என்றார்கள். ஜூகி ஓவர்லொக் பஞ்சிகாவத்தையில் வரிசையாக நிற்கிறது. சந்தையில் கிடைக்கும் பொருளுக்கு நீதிமன்றம் பெரும்பாலும் நட்டஈடுதான் தரும். கணக்கு நேரானது: ஒத்துக்கொண்ட விலைக்கும், கொடுக்க வேண்டிய நாளில் இருந்த சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். தங்கச்சிக்கு 120,000 இல் 84,000 போனால் 36,000. அட்வான்ஸ் தனி.

என் மகளின் திருமணத்துக்கு வாங்கிய ஜெனரேட்டர் விஷயத்தில் நானே இப்படி அலைந்தவன். அன்று சந்தை விலையை எழுத்தில் எடுத்து வைக்கவில்லை. பிறகு போய்க் கேட்டால் விலை மாறிவிட்டது, கடைக்காரரும் எழுதித் தர மறுத்தார். ஆகவே இன்றைக்கே இரண்டு கடையில் இதே மொடலுக்கு விலைக் கடிதம் வாங்குங்கள், திகதியோடு. சட்டத்தரணியைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

பாமன்கடை விற்பனை | வெள்ளி காலை 10.15
விற்பவர் பக்கத்தையும் யாராவது பேசுங்கள். நான் பழைய மரத் தளபாடம் விற்கிறேன். ஏலத்தில் வென்றுவிட்டு ஃபோனையே எடுக்காதவர்கள் எத்தனை பேர்! அவர்கள்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. ஒரு விற்பனையாளர் பின்வாங்கினால் மட்டும் சட்டப் புத்தகம் முழுக்கத் திறக்கிறது.

பழைய ரேடியோ | வெள்ளி காலை 10.22
குறைந்தபட்ச விலை வைக்காதது உங்கள் ஆட்களின் தவறு. மலிவாகத் தொடங்கினால் கூட்டம் வரும் என்று தொடங்குகிறீர்கள், கூட்டம் வராவிட்டால் அழுகிறீர்கள்.

பாமன்கடை விற்பனை | வெள்ளி காலை 10.29
வாடகை கட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். ஒரு பொருள் பாதி விலைக்குப் போனால் அந்த மாதம் சம்பளம் கொடுக்க முடியாது.

புதுக்கடை வாசகன் | வெள்ளி காலை 10.50
உணர்ச்சி வேறு, சட்டம் வேறு. ஜெர்மனியில் ஒருவர் தன் காரை 1 யூரோவில் ஏலத்துக்கு விட்டார், வெளியே நல்ல விலை கிடைத்ததும் இடையில் நிறுத்தினார். அப்போது அதிகம் கேட்டிருந்தவருக்கு 5,249 யூரோ நட்டஈடு கொடுக்க 2014 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. காரின் பெறுமதி 5,250. குறைந்தபட்ச விலை வைக்காமல் ஏலம் விடுபவர் அந்த ஆபத்தைத் தானே எடுக்கிறார். வாங்குபவர் ஓடினால் அவரும் கட்டுப்பட்டவரே. நீங்களும் வழக்குப் போடலாம், போடவில்லை, அவ்வளவுதான். அந்நிய தீர்ப்பு எங்கள் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்று யாராவது எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம்.

வெள்ளவத்தை ரமணி | வெள்ளி காலை 11.05
தயவுசெய்து அக்காவின் விஷயத்துக்கு வாருங்கள். தளபாடச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தையல் | வெள்ளி மதியம் 1.15
இப்போதுதான் பேங்க் மெசேஜ் வந்தது. 20,000 ஐயும் திருப்பிப் போட்டுவிட்டார். "ஹரி நேத, இவராய்" என்று எழுதியிருக்கிறார். சரிதானே, முடிந்தது என்று. நான் இன்னும் பதில் போடவில்லை. அப்போ எல்லாம் முடிந்துவிட்டதா?

மருதானை நானா | வெள்ளி மதியம் 1.21
பதில் போடாதீர்கள்! "ஓகே", "சரி", தம்ஸ்-அப் படம் எதுவும் வேண்டாம். அட்வான்ஸைத் திருப்பித் தருவது அவர் கடமை, அதோடு ஒப்பந்தத்தை மீறியது மறைந்து போகாது. ஆனால் நீங்கள் "சரி, முடிந்தது" என்று எழுதினால், சமாதானமாகிவிட்டார் என்று அதையே காட்டுவார்.

புதுக்கடை வாசகன் | வெள்ளி மதியம் 1.40
நானா சொல்வது சரி. பேசாமல் இருப்பதைவிட எழுதுவது நல்லது, அதுவும் இன்றே. இப்படி எழுதுங்கள்: "20,000 ரூபா கிடைத்தது. அதை அட்வான்ஸின் மீளளிப்பாக மட்டும் ஏற்கிறேன். மெஷினைத் தராததால் எனக்கு ஏற்பட்ட நட்டத்தைக் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை." சிங்களத்தில் தெரிந்தவரைக் கொண்டு எழுதிப் போடுங்கள்.

பிறகு பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம்: ஏல முடிவு, கட்டிய நாள், மறுத்த நாள், இரண்டு விலைக் கடிதங்களின் பிரதி, 14 நாள் தவணை. கடிதத்தைச் சட்டத்தரணி கையெழுத்தில் அனுப்பினால் கனம் கூட. வசதி குறைவு என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

மருதானை நானா | வெள்ளி மதியம் 2.05
அவர் மசியாவிட்டால் நேரே நீதிமன்றம் போக முடியாது தங்கச்சி. இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம். சட்டத்தரணி வரமாட்டார், நீங்களும் அவரும் மத்தியஸ்தர்களும்தான். அங்கே சிங்களம்தான் ஓடும், பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். இணக்கம் வராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அது இல்லாமல் வழக்கு எடுபடாது. எனக்கு மூன்று அமர்வு போனது, ஆனால் அங்கேயே தீர்ந்தது. முன்னால் உட்கார்ந்து பேசும்போது மனிதர் கொஞ்சம் இளகுகிறார்.

அவர் கடைப் பெயரில் வியாபாரம் செய்பவர் என்பதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறைப்பாடு கொடுக்கலாம், 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்துக் கேளுங்கள். தனி ஆள் வீட்டுப் பழைய பொருளை விற்றிருந்தால் அந்த வழி இவ்வளவு பயன்படாது.

வெள்ளவத்தை ரமணி | வெள்ளி மதியம் 2.30
ஒரு சந்தேகம். சீருடை ஓர்டருக்கு மெஷின் இப்போதே வேண்டும். அக்கா வேறு மெஷின் வாங்கினால் உரிமை போய்விடுமா?

புதுக்கடை வாசகன் | வெள்ளி மதியம் 2.48
போகாது. நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுப்பது வாங்குபவரின் பொறுப்பே. அதே தரத்தில், நியாயமான விலையில் வாங்கி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். அந்த பில்லே உங்கள் சந்தை விலைக்குச் சாட்சி. புத்தம்புது மெஷின் வாங்கிவிட்டு வித்தியாசம் முழுவதையும் அவர் தலையில் கட்ட நினைக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழிக்கு 3 வருடம் என்று வழக்குப் போடக் காலவிதிப்பு (கால எல்லை) இருக்கிறது, ஆகவே பதற்றம் வேண்டாம். ஏலப் பக்கத்தை மட்டும் இன்றே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். திகதி, விலை, அவர் பெயர் எல்லாம் தெரிய வேண்டும், அழித்துவிட்டால் பிறகு கிடைக்காது.

பழைய ரேடியோ | வெள்ளி பிற்பகல் 3.15
அந்த மற்றக் கணக்குகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவரே ஏலம் கேட்டால், வாங்கியவர் அதை மோசடி விற்பனையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே 1896 சட்டத்தில் இருக்கிறது.

புதுக்கடை வாசகன் | வெள்ளி பிற்பகல் 3.22
அது உண்மை. ஆனால் இவருக்கு விற்பனை செல்லுபடியாக நிற்க வேண்டும், உடையக் கூடாது. மோசடி என்று நாமே உடைத்தால் 36,000 ஐ எதை வைத்துக் கேட்பது?

பழைய ரேடியோ | வெள்ளி பிற்பகல் 3.40
சரி, அதை நான் யோசிக்கவில்லை.

மட்டக்குளி ஜெகன் | திங்கள் இரவு 8.00
அக்கா என்ன ஆச்சு?

வெள்ளவத்தை ரமணி | அடுத்த வாரம் புதன் காலை 9.12
அக்கா, கடிதம் போட்டீர்களா? நானும் அதே மாதிரி ஒரு பிரச்சினையில் இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைத் தையல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 10.30
மன்னிக்க வேண்டும், இரவும் பகலும் தையல். பஞ்சிகாவத்தையில் 116,000 க்கு அதே ஜூகி எடுத்தேன், பில் இருக்கிறது. கடிதம் போய் ஐந்தாம் நாள் அவர் கோல் எடுத்தார். முதலில் சத்தம் போட்டார், பிறகு அவர் மனைவி பேசினார். 32,000 கேட்டேன், 25,000 தந்தார்கள், மத்தியஸ்த சபைக்குப் போகாமல் எழுதிக் கையெழுத்து வைத்தோம். நானாவுக்கும் புதுக்கடை ஐயாவுக்கும் நன்றி. சீருடை இன்னும் நாற்பது இருக்கிறது, போகிறேன்.