எக்ஸ்டிபி: மேப்பில் ஐபி ஏறுகிறது, ஆனால் பாக்கெட் தடுக்கப்படவில்லை

கரிசல்காடு (கேள்வி):

லினக்ஸ் கெர்னல் 5.15, லிப்பிபிஎஃப் 1.0 (கெர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் புரோகிராம்களை லோட் செய்யும் லைப்ரரி), இன்டர்ஃபேஸ் ஈத்0. சோர்ஸ் ஐபி ஹாஷ் மேப்பில் (கெர்னலும் யூசர்ஸ்பேஸும் பகிரும் அட்டவணை) இருந்தால் டிராப், இல்லாவிட்டால் பாஸ். எக்ஸ்டிபி புரோகிராம் (பாக்கெட் உள்ளே வந்ததுமே ஓடும் பிபிஎஃப் புரோகிராம்) செய்வது அவ்வளவுதான். யூசர்ஸ்பேஸில் இரண்டு பைனரி. லோடர் புரோகிராமை நெட்லிங்க் (கெர்னலோடு பேசும் சாக்கெட்) வழியாக மாட்டி, மேப்பை பிபிஎஃப் ஃபைல்சிஸ்டத்தில் பின் (pin) செய்கிறது, அதாவது ஒரு ஃபைல் பாதையில் நிலையாக வைக்கிறது. கன்ட்ரோல் அந்தப் பின்னைத் திறந்து ஐபிகளைச் சேர்க்கும், நீக்கும்.

பூட் ஆனபின் முதல் முறை எல்லாம் சரியாக ஓடுகிறது. லோடரை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் ஒரு ஐபியும் தடுக்கப்படுவதில்லை. அப்டேட் கால் 0 தருகிறது, டம்ப் எடுத்தால் 198.51.100.7 உள்ளே இருக்கிறது, ஆனாலும் அந்த மெஷினிலிருந்து பிங் வந்துகொண்டே இருக்கிறது.

கூடவே, பெர்-சிபியு (சிபியு ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு வைக்கும்) டிராப் கவுன்டரைப் படிக்கும்போது சில விஎம்களில் மட்டும் 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டெட்' என்று கன்ட்ரோல் விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

நூல்கண்டு:

இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு, கன்ட்ரோல் எழுதுகிற மேப்பும் புரோகிராம் படிக்கிற மேப்பும் ஒன்றுதானா என்று பாருங்க. பிபிஎஃப்டூல் நெட் ஷோ கட்டளை கொடுத்தால் ஈத்0-வில் மாட்டியிருக்கும் புரோகிராமின் ஐடி வரும். அந்த ஐடியை பிபிஎஃப்டூல் புரோக் ஷோவுக்குக் கொடுத்தால் அது பயன்படுத்தும் மேப் ஐடிகள் தெரியும். பின் பாதையைக் கொடுத்து மேப் ஷோ ஓட்டினால் பின்னுக்குப் பின்னால் இருக்கும் மேப்பின் ஐடி. பெயரை நம்பாதீங்க, ஒரே பெயரில் எத்தனை மேப் வேண்டுமானாலும் கெர்னலில் இருக்கலாம்.

கரிசல்காடு:

புரோகிராம் காட்டுவது 41, பின் காட்டுவது 23. லோடர் லாகில் பின் செய்யும் இடத்தில் மைனஸ் 17 வந்திருக்கிறது, ஆனால் லோடர் நிற்காமல் தொடர்ந்து ஓடியிருக்கிறது.

நூல்கண்டு:

17 என்றால் 'ஏற்கெனவே இருக்கிறது'. ஒவ்வொரு லோடிலும் லிப்பிபிஎஃப் புது மேப்பை உருவாக்குகிறது. பழைய மேப்பை பின் பிடித்து வைத்திருப்பதால் அது சாகாது. அதே பாதையில் புது மேப்பைப் பின் செய்ய முடியாமல் எரர் வருகிறது. புது புரோகிராம் காலியான 41-ஐப் பார்க்கிறது, கன்ட்ரோல் 23-இல் எழுதிக்கொண்டிருக்கிறது.

லோடர் தொடங்கும்போதே பின் ஃபைலை அழித்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீங்க. பட்டியல் முழுக்கப் போய்விடும். கன்ட்ரோல் டீமனாக ஓடினால் அதன் கையில் இருக்கும் எஃப்டி (ஃபைல் டிஸ்கிரிப்டர்) அப்போதும் பழைய மேப்பையே காட்டும்.

மேப் டெஃபனிஷனில் பின்னிங் ஃபீல்டுக்கு லிப்பிபிஎஃப்_பின்_பை_நேம் என்று கொடுங்க. பாதையில் மேப் இருந்தால் லோடின்போது அதையே எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் உருவாக்கிப் பின் செய்யும். வேறு பாதை வேண்டுமானால் ஓப்பனுக்கும் லோடுக்கும் நடுவில் செட்_பின்_பாத் அழைக்கணும். லோடுக்குப் பிறகு அழைத்துப் பயனில்லை. கையால் பின் செய்யும் வரியை எடுத்துவிடுங்க.

நாளைக்கு வேல்யூ ஸ்ட்ரக்டில் ஒரு ஃபீல்டு சேர்த்தாலோ, அதிகபட்ச என்ட்ரி எண்ணிக்கையை மாற்றினாலோ பழைய பின்னோடு ஒத்துப்போகாமல் லோடே நின்றுவிடும். ஆகவே மேப் பெயரிலேயே பதிப்பு எண் வைத்து, பழையதிலிருந்து புதியதற்கு என்ட்ரிகளை நகலெடுக்கும் ஒரு படியை இப்போதே எழுதி வையுங்க.

தெற்குவாசல்:

கவுன்டர் விஷயம். பெர்-சிபியு மேப்பில் லுக்கப் செய்தால் கெர்னல் ஒரு மதிப்பைத் தராது. பாசிபிள் சிபியு (இப்போது இல்லாவிட்டாலும் பிறகு சேர்க்கக்கூடியதும் இதில் அடங்கும்) ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு என்று முழு வரிசையையும் உங்கள் பஃபரில் எழுதும். ஆன்லைன் சிபியு எண்ணிக்கையை வைத்து பஃபர் ஒதுக்கியிருப்பீர்கள். ஹாட்பிளக் வசதியுள்ள விஎம்மில் ஆன்லைன் 4, பாசிபிள் 16 என்று இருக்கலாம். 8 பைட் கவுன்டருக்கு நீங்கள் ஒதுக்கியது 32 பைட், கெர்னல் எழுதுவது 128. பஃபரின் அளவு என்னவென்று கெர்னலுக்குத் தெரியாது, ஸ்டாக்கை மிதித்துக்கொண்டு போகும்.

லிப்பிபிஎஃப்_நம்_பாசிபிள்_சிபியுஸ் தரும் எண்ணை வைத்தே ஒதுக்குங்கள். ஒவ்வொரு மதிப்பும் 8-இன் மடங்காக உயர்த்தப்படும் என்பதும் முக்கியம்: ஸ்ட்ரக்ட் 12 பைட் என்றால் 16 பைட் இடைவெளியில் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராஷ் ஆகாமலே தப்பான கூட்டுத்தொகை வரும்; அது இன்னும் ஆபத்து.

கரிசல்காடு:

பின்னிங் மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் செய்தாலும் இரண்டு ஐடியும் ஒன்றாகவே வருகின்றன, 198.51.100.7 தடுக்கப்படுகிறது. கவுன்டரும் சரியாகிவிட்டது, நன்றி. லோடர் முதலில் பழைய புரோகிராமைக் கழற்றிவிட்டுத்தான் புதியதை மாட்டுகிறது. அந்த இடைவெளியில் பாக்கெட் நுழையுமா?

நூல்கண்டு:

நுழையும். பல டிரைவர்கள் எக்ஸ்டிபி இல்லாத நிலைக்குப் போய்த் திரும்பும்போது ரிங்குகளை (பாக்கெட்டுகள் வந்து சேரும் வரிசைகளை) மறுபடி அமைக்கும், அதில் நல்ல பாக்கெட்டுகளும் விழும். கழற்றாமலே மேலே மாட்டினால் நெட்லிங்க் வழியிலும் பழையது மாற்றப்படும். 5.15 இருப்பதால் பிபிஎஃப் லிங்க்குக்கு மாறுவது இன்னும் நல்லது (புரோகிராமை இன்டர்ஃபேஸோடு பிணைத்து வைக்கும் தனிப் பொருள்; எக்ஸ்டிபிக்கு 5.9 முதல் உண்டு): லிங்க்கையும் பின் செய்து, அடுத்த முறை லிங்க்_அப்டேட்டில் புது புரோகிராமின் எஃப்டியைக் கொடுத்தால் போதும். பின் செய்யாமல் விட்டால் லோடர் முடிந்ததும் புரோகிராம் தானாகக் கழன்றுவிடும்.

முதல் தடவை 'டிவைஸ் பிஸி' வரும். நெட்லிங்க்கில் மாட்டிய புரோகிராம் இருக்கும்வரை அதன் மேல் லிங்க் ஏறாது. ஒரே ஒருமுறை ஐபி லிங்க் கட்டளையில் எக்ஸ்டிபி ஆஃப் கொடுத்துவிட்டு மாட்டுங்க. டிராஃபிக் குறைவான நேரத்தில்.