கோத்தகிரியில் குழாய்க் கலனில் சுருள்பாசி: மின்செலவு கட்டுப்படியாகுமா?

கேள்வி:
கோத்தகிரியில் கொய்மலர் வளர்த்த பாலிஹவுஸ் ஒன்று இரண்டு ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. அதில் ஆயிரம் லிட்டர் கொள்ளும் குழாய்வகை ஃபோட்டோபயோரியாக்டர் (ஒளி புகும் குழாய்களில் நீரை ஓடவிட்டுப் பாசி வளர்க்கும் மூடிய கலன்) அமைத்து, எல்இடி விளக்கொளியில் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்க எண்ணுகிறேன். ஒரு கிலோ உலர்பாசிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (குன்னூரிலிருந்து):
ஐயா, ஒரு கிலோ உலர்பாசியில் அடங்கியிருக்கும் ஆற்றலே ஏறத்தாழ 6 யூனிட். எல்இடி தான் வாங்கும் மின்சாரத்தில் பாதியை ஒளியாக்குகிறது என்றும், அந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கைப் பாசி தன் உடலில் சேர்க்கிறது என்றும் வைத்துக்கொண்டால், விளக்குக்கு மட்டுமே கிலோவுக்கு 120 யூனிட் போய்விடும். விளக்கை விட்டுவிட்டு வெயிலை நம்புங்கள். ஆடி மாத மூட்டத்தில் அதுவும் கைகொடுக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

சுருள்பாசி 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் செழிக்கும். ஆயிரம் லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் தேவை. இரவில் 15 டிகிரி இறங்கிய நீரை மறுபடி ஏற்ற 17 யூனிட்டுக்கு மேல் ஆகும். நாளுக்கு அரைக் கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்பதால், கிலோவுக்கு 35 யூனிட் இதிலும் சேர்கிறது.

மறுமொழி (மேட்டுப்பாளையத்திலிருந்து):
பம்பை மறந்துவிட்டீர்கள். நானோகுளோராப்சிஸ் என்ற கடல் நுண்பாசியை வைத்து 2010-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், ஒரு கன மீட்டருக்குத் துடுப்புச் சக்கரம் சுழலும் திறந்த தொட்டிக்கு 4 வாட்டுக்கும் குறைவாகவும், தட்டைக் கலனுக்கு (ஒளி புகும் பலகை போன்ற மூடிய கலன்) 53 வாட்டாகவும், குழாய்க் கலனுக்கு 2,500 வாட்டாகவும் மின்தேவை கணக்கிடப்பட்டது. குழாய்க்குள் பாசி வெளியிடும் ஆக்சிஜன் தேங்கினால் அதன் வளர்ச்சியே குன்றும் என்பதால், நீரை வேகமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மேலும் ஆப்பசோடா மிகுந்த காரநீரில் வளரும் சுருள்பாசியிடம் வேற்றுப்பாசிகள் எளிதில் அண்டுவதில்லை. அதற்கு மூடிய கலனே வீண்செலவு. நான் கீழே சமவெளியில் திறந்த தொட்டியில்தான் வளர்த்து, துணியில் வடித்தெடுக்கிறேன்.

கேட்டவர்:
அப்படியானால் இந்தக் குளிரிலேயே வளரும் பாசி ஏதேனும் உண்டா?

மறுமொழி (குன்னூரிலிருந்து):
அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமி தரும் ஹீமட்டோகாக்கஸுக்கு 20 முதல் 25 டிகிரி போதும். நன்னீரில் வளரும் அதனுள் பிற உயிரிகள் எளிதில் புகுந்துவிடுமாதலால், அதற்கு மூடிய கலன் நியாயமான செலவு. காற்றுக் குமிழி விடும் தட்டைக் கலனாக வையுங்கள். ஆனால் அதன் தடித்த செல்சுவரை உடைத்து நிறமியைப் பிரிப்பதற்குத் தனிச் செலவு உண்டு.

கேட்டவர்:
நன்றி. முதலில் 200 லிட்டர் டிரம்மில் நீர் நிரப்பி, பாலிஹவுஸுக்குள் வைத்து, விடியற்காலை வெப்பநிலையை ஒரு மாதம் குறித்துப் பார்க்கிறேன்.