உங்கள் பெட்டியை நீங்களே தூக்க வேண்டும்: கொழும்பிலிருந்து தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு

செப்டெம்பரில் படிக்கப் போகிற பிள்ளைகள் வெள்ளவத்தைப் பக்கம் பெட்டி வாங்க அலையத் தொடங்கிவிட்டார்கள். முதல் தடவை தனியாக வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோ விடுவார்கள்?" என்றுதான். அது டிக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. என்னால் எத்தனை கிலோ தூக்க முடியும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையம் வரைக்கும் அண்ணா, மாமா, பக்கத்து வீட்டுத் தம்பி எல்லோரும் கைகொடுப்பார்கள். அந்தப் பக்கம் இறங்கினால் ரயில் நிலையப் படிக்கட்டுக்கும் லிஃப்ட் இல்லாத மாடி அறைக்கும் உங்கள் இரண்டு கைதான்.

என் கணக்கு இது: இழுக்க ஒரு பெரிய பெட்டி, முதுகில் ஒரு பை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பை. டிக்கெட்டில் 23 கிலோப்படி இரண்டு பெட்டி தந்திருந்தால் இரண்டாவதை நடுத்தர அளவில் எடுங்கள். வாசலுக்கே வந்து கூட்டிப்போக ஆள் இல்லாவிட்டால் அதையும் விட்டுவிடுவதுதான் நல்லது. கட்டி முடித்ததும், யாரும் உதவாமல் எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கி, காலி வீதிச் சந்தி வரை இழுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து மேலே ஏற்றிப் பாருங்கள். நடுவழியில் நின்று மூச்சு வாங்கினால் ஐந்து கிலோவை வெளியே எடுங்கள். அம்மாவுக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, எடுங்கள்.

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ பெட்டி வாங்கும்போது நிறத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் வெறும் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். பெட்டியே நாலு கிலோ என்றால் சாமானுக்கு மிஞ்சுவது 19 கிலோதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்குச் சரி. கூடுதல் காசு கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அப்புறம் சில்லு. நாலு சில்லுப் பெட்டி விமான நிலையத்து வழுவழுப்பான தரையில் சுகமாக ஓடும். பனியிலும் கல் பதித்த நடைபாதையிலும் அந்தச் சின்னச் சில்லுகள் சிக்கிக்கொள்ளும். கனடா, ஐரோப்பா போகிறவர்களுக்கு நான் பெரிய இரண்டு சில்லு வைத்த பெட்டியைத்தான் சொல்வேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அந்தச் சின்னப் பை. பாஸ்போர்ட், விசாக் கடிதம், போன், வங்கி அட்டை, அந்த நாட்டுக் காசு கொஞ்சம், ஒரு பேனா, தங்கப்போகும் இடத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள். அவ்வளவுதான். முகவரியைத் தாளில் எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இறங்கும் நேரம் போனில் சார்ஜ் இருக்குமா, இணையம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. எங்கே தங்கப் போகிறீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்கக்கூடும். கழிப்பறைக்குப் போனாலும், விமானத்தில் தூங்கினாலும் இந்தப் பை உடம்பை விட்டுக் கழலக் கூடாது.

முதுகுப்பையை, பெரிய பெட்டி வந்து சேராவிட்டாலும் இரண்டு நாள் சமாளிக்கும்படி அடுக்குங்கள். மாற்றுடுப்பு ஒன்று, சுவெட்டர், டொக்டரின் சீட்டோடு மருந்துகள், லப்டொப், சார்ஜர். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, பரீட்சைச் சான்றிதழ்களின் மூலப்பிரதி எல்லாம் இதில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் ஒருபோதும் போடாதீர்கள். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டியவற்றைப் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வடக்கில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே அதன் அலுவலகம் உண்டு. கொழும்பிலிருந்து போகிற பல விமானங்களில் கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான், ஆகவே கனமான புத்தகம் எதுவும் இதில் வேண்டாம்.

பவர் பேங்க்கும் கையோடுதான் வர வேண்டும். பெட்டிக்குள் போட்டால் வெளியே எடுக்க வைப்பார்கள். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) உட்பட்டதாக இருக்க வேண்டும். 20,000 mAh என்று போட்டிருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணி, பயமில்லை. டுபாய் வழியாக எமிரேட்ஸில் போகிறவர்கள் கவனிக்கவும்: 2025 ஒக்டோபரிலிருந்து ஒருவருக்கு ஒன்றுதான், விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் கூடாது.

சரி, சாப்பாட்டுச் சாமான். வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இல்லாமல் யாரும் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் ஷொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு வைக்காதீர்கள். அரைக் கிலோவாகப் பிரித்து, ஸிப் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து மூடி, வாயில் ஒட்டுநாடா ஒட்டி, அதை இன்னொரு ஸிப் பைக்குள் போடுங்கள். மேலே என்ன தூள் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் டப்பா, அதைச் சுற்றி ஜீன்ஸ், பெட்டியின் நடுப்பகுதி. ஓரத்தில் வைத்தால் பெட்டியை எறிகிற எறியில் டப்பா வெடிக்கும். அந்தத் தூளின் கறையும் வாசமும் வெள்ளைச் சட்டையை விட்டு லேசில் போகாது.

டுபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசா ஒரு கரண்டி கூடக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கோடீன் கலந்த மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு கடுமை. அவுஸ்திரேலியா போகிறவர்கள், பெட்டியில் உணவு ஏதாவது இருந்தால் பயணி அட்டையில் "ஆம்" என்று போடுங்கள். அறிவித்தால் அதிகாரிகள் பொருளைப் பறிமுதல் செய்யக்கூடும், ஆனால் அபராதம் போட மாட்டார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் உண்டு. தற்காலிக விசாவை இரத்துச் செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக அந்த ஆபத்தை எடுக்காதீர்கள்.

மிக்சியைக் கனடாவுக்குக் கொண்டுபோக வேண்டாம். இங்கே 230 வோல்ற், அங்கே 120; மோட்டார் ஒழுங்காக ஓடாது. குளிர் ஜக்கெட்டும் போய் வாங்குங்கள், இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குக் காணாது.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். பயணம் என்று தெரிந்ததும், "என்ர மகளுக்கு ஒரு சின்னப் பார்சல்" என்று யாராவது வருவார்கள். சொந்தக்காரர்தான், நல்ல மனிதர்தான். இருந்தாலும் ஒட்டிய பார்சலை வாங்காதீர்கள். "மாமி, திறந்து பார்த்து நானே கட்டினால்தான் கொண்டுபோவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். உங்கள் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் எது இருந்தாலும் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். அந்த நேரத்தில் மாமி பக்கத்தில் இருக்க மாட்டா. மாத்திரையும் நகையும் என்றால் திறந்து காட்டினாலும் வேண்டாம்.

பெட்டியைப் பூட்டுமுன் திறந்தபடி ஒரு படம், பூட்டியபின் வெளியே ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் பெயரும் போகிற இடத்துத் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று பெட்டிக்குள்ளும் இருக்கட்டும். இறங்கிய இடத்தில் பெட்டி வராவிட்டால், பெட்டி எடுக்கும் மண்டபத்தை விட்டு வெளியே வரவே கூடாது. அங்கேயே விமான நிறுவன மேசையில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை வாங்குங்கள். விமானப் பயணம் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மொன்றியல் உடன்படிக்கைப்படி, சேதம் என்றால் பெட்டி கிடைத்து 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கொடுக்க வேண்டும். இடையில் வாங்கும் பல்துலக்கி, உடுப்பு, எல்லாவற்றுக்கும் பில்லை எடுத்து வையுங்கள். அந்தக் காசைக் கேட்க அதுதான் ஆதாரம்.