லாங் எக்ஸ்போஷர் கற்க குழுப் பயிற்சியா, தனிப் பழக்கமா?

கரையோரம்:
சென்னையில் இருக்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், கையிருப்பு அவ்வளவுதான். ஈசிஆர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் அறிவித்திருக்கிறார்கள். சனி மாலை தொடங்கி ஞாயிறு காலை வரை. ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்து வைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷர், இருட்டில் விளக்கால் வரையும் லைட் பெயின்டிங், கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் ஐசிஎம், மூன்றும் செய்முறையாக. இருபது பேர், சொல்லித்தர ஒருவர். கட்டணத்துக்கு ஒரு சுமாரான ட்ரைபாடே வாங்கிவிடலாம். போகலாமா?

முக்காலி:
அப்படியானால் ட்ரைபாடையே வாங்குங்கள். இதில் ரகசியம் ஏதுமில்லை. லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரில் ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். பத்து ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். சும்மா எடுத்தால் 1/60 நொடி வருகிற இடத்தில், ஃபில்டர் போட்டால் சுமார் 17 நொடி. முதலில் ஃபோகஸ் பிடித்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, அப்புறம் ஃபில்டரை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம். ஃபில்டருக்கும் காசில்லை என்றால் இருட்டிய பிறகு நேப்பியர் பாலத்துப் பக்கம் போங்கள். லென்ஸ் திறப்பு எஃப்11, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 10 நொடி என்று ஆரம்பியுங்கள். வண்டி விளக்குகள் தாமே கோடு போட்டுத் தரும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கும் தெரியுமா? சொல்லித்தருபவர் "எஃப்11, 8 நொடி" என்று குரல் கொடுப்பார். எல்லோரும் அதையே வைப்பார்கள். ஒரே பாறை, ஒரே அலை, இருபது படம். டியூஷன் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதிய விடைத்தாள் மாதிரி இருக்கும்.

ஒளிக்கீற்று:
முக்காலி அண்ணா, கணக்கு சரி. கணக்கு தெரிந்தவர்களுக்கும் படம் வராமல் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன் செய்திருந்தால், 30 நொடி எடுத்த பிறகு கேமரா இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் ஒன்றை எடுத்து அதிலிருந்து கழிக்கும். விஷயம் தெரியாதவர் கேமரா ஹேங் ஆகிவிட்டது என்று பேட்டரியைக் கழற்றுவார். எடுத்ததும் போச்சு. டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழியாகவும் வெளிச்சம் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்கும். அதை மூடத்தான் கேனான் கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன ரப்பர் மூடி கோத்திருக்கும். அது எதற்கென்றே தெரியாமல் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் சுமந்துகொண்டு திரிகிறார்கள். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

முக்காலி:
கேமராவோடு வரும் மேனுவல் புத்தகத்திலேயே இருக்கிறது அம்மா.

ஒளிக்கீற்று:
மேனுவலைப் படித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, லைட் பெயின்டிங்கைத் தனியாக எப்படிச் செய்வீர்கள்? பட்டனை அமுக்கியிருக்கும் வரை திறந்திருக்கும் பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்து வைக்க ஒருவர், டார்ச்சைச் சுழற்ற ஒருவர், அசையாமல் நிற்க ஒருவர் வேண்டும். 1949-இல் ஜான் மிலி என்ற புகைப்படக்காரர் எடுத்த பிக்காசோ படங்களை நினைத்துப் பாருங்கள். விளக்கைப் பிடித்து இருட்டில் வரைந்தது பிக்காசோ. ஷட்டர் மிலியின் பொறுப்பு.

முக்காலி:
ஆக, இரண்டு பேர். இருபது பேர் இல்லையே!

மணல்வீடு:
இடையில் புகுகிறேன். இருட்டுக் கடற்கரையில் இருபது பேர் என்றால் உங்கள் 30 நொடிக்குள் யாராவது ஃபோனை எடுத்துப் பார்ப்பார், இன்னொருவர் டார்ச்சோடு குறுக்கே நடப்பார். சிறு குழுக்களாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி நிறுத்துவார்களா என்று கேளுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வளாகம் என்றால் ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வாசலில் நிறுத்தினால் காசு போனதுதான்.

முக்கியமாக, மெல்லிய இரும்பு நாரான ஸ்டீல் வுல்லைக் கொளுத்திச் சுழற்றுவதாக இருந்தால் போகாதீர்கள். பொறி பல அடி தூரம் பறக்கும். சவுக்குத் தோப்புச் சருகில் விழுந்தால் என்ன ஆகும்? 2016-இல் கலிஃபோர்னியாவின் பாயின்ட் ரேயஸ் பகுதியில், எல்லோரும் படமெடுக்கப் போகும் ஒரு பழைய மரப்படகின் பின்பகுதி இப்படித்தான் எரிந்து போனதாகச் சந்தேகிக்கிறார்கள்.

ஒளிக்கீற்று:
ஸ்டீல் வுல் விஷயத்தில் உங்கள் கட்சிதான். எல்இடி குழல் விளக்கே போதும்.

"இருபது பேருக்கும் ஒரே படம்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாறை, அலை வரைக்கும் அது சரிதான். ஐசிஎம்மில் அந்தப் பேச்சே எடுபடாது. ஒரே சவுக்குத் தோப்பு, எல்லோருக்கும் 1/4 நொடி என்று வையுங்கள். ஒருவர் மேலிருந்து கீழே இழுப்பார், மரங்கள் நூல் நூலாக நீளும். ஒருவர் கை லேசாக நடுங்கும், பென்சில் கோடு மாதிரி வரும். ஒருவர் ஷட்டர் அமுக்கிய பிறகே அசைக்க ஆரம்பிப்பார். அப்போது நின்ற மரமும் ஓடுகிற மரமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். செட்டிங் ஒன்று, படம் இருபது. பக்கத்து ஆளின் திரையைப் பார்க்கும்போதுதான் "கையை இப்படியும் கொண்டு போகலாமா" என்று தோன்றும். தனியாகப் போனால் அந்த யோசனை வர வெகுநாள் ஆகும்.

முக்காலி:
வந்தால் சொந்தமாக வருமே. எர்ன்ஸ்ட் ஹாஸ் என்ற புகைப்படக்காரர் 1950-களில் காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில் எடுத்தார். ஃபிலிம் கழுவி வரும்வரை என்ன விழுந்திருக்கிறது என்றே தெரியாது. நமக்கு அடுத்த நொடியே திரையில் தெரிகிறது. இன்றைக்கு அதைவிட நல்ல வாத்தியார் வேண்டுமா? நூறு எடு, தொண்ணூற்றெட்டை அழி.

ஒளிக்கீற்று:
அழிக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு. படம் ஆடிவிட்டது என்று திரை காட்டும், அந்த ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. நாம் அழிக்கப்போன படத்தைப் பார்த்து "இதை ஏன் தூக்குகிறாய்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். எடுத்ததைத் திருத்தாமல் பெரிய திரையில் போட்டு எல்லோரும் பேசுகிற நேரத்துக்குத்தான் நான் காசு கொடுப்பேன். அது இல்லாத ஒர்க்‌ஷாப் வெறும் பிக்னிக்.

முக்காலி:
அப்படி ஒரு மணி நேரம் உண்மையாக நடந்தால் கொடுக்கலாம். பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி.

கரையோரம்:
போன் செய்து கேட்டேன். நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பார்களாம். ஸ்டீல் வுல் கிடையாது. இடம் கோயில் இல்லை, திறந்த கடற்கரையும் தோப்பும்தான். ஞாயிறு காலை இட்லிக்குப் பிறகு புரொஜெக்டரில் ஆளுக்கு ஐந்து படம் பார்ப்பார்கள், எடிட் செய்யாமல். பெயர் கொடுத்துவிட்டேன். ட்ரைபாடை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முக்காலி:
எடுக்கும்போது, கேமராவை ட்ரைபாடில் பொருத்தும் குவிக் ரிலீஸ் பிளேட் இருக்கிறதா பாருங்கள். அதில்லாமலேயே கொடுத்துவிடுவார்கள், கடற்கரைக்குப் போன பிறகுதான் தெரியும். ஞாயிறு மாலை அந்த ஐந்து படத்தையும் இங்கே போடுங்கள். என் வாதத்தை நான் இன்னும் விடவில்லை.