வேலி வெட்டுன தழை, சருகு, கொம்பு – இதெல்லாம் விறகு பாய்லர்ல போட்டு வீட்ட சூடாக்க முடியுமா?

அரை ஏக்கர், கோத்தகிரி:

வணக்கம்ங்க எல்லாருக்கும். விறகு பாய்லர் பத்தி அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் நிதானமா படிச்சுட்டு சொல்லுங்க.

எங்களுது பழைய வீடு, தகரக் கூரை, உள்ள பலகை சீலிங். சுத்தி அரை ஏக்கர் இருக்குது. ஓரமா ஏழு சில்வர் ஓக், ரோட்டுப் பக்கம் நீளத்துக்கும் சைப்ரஸ் வேலி, பின்னாடி கொஞ்சம் தேயிலை, ஓடைப் பக்கம் தானா மொளச்சு நிக்கிற சீகை மரம் (வாட்டில்னு சொல்வாங்களே, அது). அப்பாவுக்கு 76 ஆச்சு, மார்கழி வந்தா முட்டி மடங்க மாட்டேங்குது, அம்மாவுக்கு வீசிங். ஹாலுக்குள்ளயே விடியக்காலைல 9 டிகிரிக்கு இறங்கிடுது. கரண்ட் ஹீட்டர் ரெண்டு ஓட்டுனா பில்லு தாங்கல, அதுவும் மழைக்காலத்துல கரண்ட நம்பி உக்காந்திருக்க முடியாது.

ஒரு ஹோம்ஸ்டே மூடுனப்ப அங்க இருந்த விறகு பாய்லர வாங்கிட்டு வந்தேன். குளிக்க வெந்நி போடுற செம்பு பாய்லர் இல்லங்க, நெஞ்சு உசரத்துக்கு இரும்புல இருக்கும், நெருப்பறைய சுத்தி தண்ணி நிக்கிற மாதிரி. வெளிய ஷெட்ல வச்சு, பழைய பங்களா இடிச்ச இடத்துல கிடைச்ச வார்ப்பிரும்பு ரேடியேட்டர் (சுடுதண்ணி உள்ள ஓடி ரூம சூடாக்குறது) ரெண்ட ஹால்லயும் அப்பா அம்மா ரூம்லயும் மாட்டி, சின்ன பம்ப் வச்சு தண்ணிய சுத்த விடுறேன்.

கார்த்திகைல மழை விட்ட நாலு நாள்ல வேலிய வெட்டுனோம், ரெண்டு பிக்கப் லோடு தழை. எப்பவும் குழில போட்டு கொளுத்துறதுதான். வீணா எதுக்கு எரிக்கணும், அந்த சூடு வீட்டுக்காச்சும் ஆகட்டும்னு பாய்லர்லயே திணிச்சேன், கூடவே சில்வர் ஓக் சருகு மூட்டை மூட்டையா. மொத அஞ்சு நிமிசம் சடசடன்னு எரியும் அப்புறம் அமுங்கிடும், மஞ்சளா கெட்டியா புகை வரும், அந்தப் புகையும் மேல போகாம பனிமூட்டத்தோட சேந்து கீழ்வீட்டு ஜன்னல் வரைக்கும் படிஞ்சு நின்னுச்சு. ரெண்டு மணி நேரம் ஊட்டியும் தண்ணி 40 டிகிரி தாண்டல. மூணாம் நாள் புகைபோக்கி ஜாயின்ட்ல இருந்து டிகாஷன் மாதிரி கருப்பா ஒழுகி செவத்துல இறங்கிருச்சு, சோடாப்பு போட்டு தேச்சும் போகல. அன்னிக்கு ராத்திரி நெருப்பு அணைஞ்சுருச்சோன்னு கதவ டக்குனு தொறந்தேன், குப்புனு ஒரு ஜுவாலை வெளிய அடிச்சு முன்முடியும் புருவமும் பொசுங்கிருச்சு. அம்மா பாத்துட்டு அழுதுட்டாங்க. அதோட நிறுத்திட்டேன்.

தோட்டத்துல விழுறத மட்டும் வச்சு ரெண்டு ரூம சூடாக்க முடியுமா, இல்ல இந்த யோசனையே தப்பா? தப்புன்னா எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

குன்னூர் மேட்டுத்தெரு:

தம்பி, கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே? மொதல்ல அத சொல்லுங்க.

பாய்லர் பத்தி எனக்கு தெரியாது, ஆனா அந்தக் கீழ்வீட்டு ஜன்னல் இருக்குதே, அந்த இடத்துல உக்காந்து பேசுறேன். எங்க பக்கத்துல வருசா வருசம் சருக கூட்டி ஈரத்தோட பத்த வப்பாங்க, என் பையனுக்கு அன்னிக்கு ராத்திரி முழுக்க நெபுலைசர்தான். பனிக்காலத்துல காத்தே அசையாது, புகை பள்ளத்துலயே தங்கிடும். உங்க வீட்லயே அம்மாவுக்கு வீசிங்ங்கறீங்க, அந்தப் புகைய அவங்களும்தான குடிக்கிறாங்க. குழில கொளுத்துறதும் வேண்டாம். திறந்த வெளில குப்பை எரிச்சா 5000 ரூபா, பெருசா குவிச்சு எரிச்சா 25000 ரூபானு பசுமைத் தீர்ப்பாயம் 2016லயே சொல்லிருக்கு.

இலைய மண்ணுக்கு குடுத்துருங்க. நாங்க கம்பி வலைய வட்டமா கட்டி உள்ள ஒரு அடுக்கு சருகு, மேல கொஞ்சம் சாணித்தண்ணினு போட்டுட்டே வருவோம், சில்வர் ஓக் இலை மக்க ஒரு வருசம் ஆகுது, ஆனா மக்குனப்புறம் கைல எடுத்தா பொலபொலன்னு டீத்தூள் மாதிரி இருக்கும். சாப்பாட்டு மிச்சத்த மட்டும் அதுல போட்டுறாதீங்க, காட்டுப்பன்னி வரும், கரடியும் வரும். அரளிச் செடி வெட்டுனது இருந்தா எதுலயும் எரிக்கவே எரிக்காதீங்க, அந்தப் புகையே விஷம்.

பழைய ஃபயர்மேன், கட்டபெட்டு:

தம்பி, நான் தேயிலை ஃபேக்டரில டிரையர் அடுப்புக்கு 31 வருசம் விறகு தள்ளுனவன். யோசனை தப்பில்ல. காலந்தான் தப்பு. இந்தக் கார்த்திகைல வெட்டுனது அடுத்த மார்கழிக்குத்தான் விறகு, அதுவும் கொம்புதான் விறகு, தழை விறகே இல்ல.

பச்சைக் கொம்புல பாதி எடை தண்ணி. அந்தத் தண்ணி ஆவியாக திங்கிற சூடு மட்டும்னு கணக்கு போட்டா ஏழுல ஒரு பங்குதான் வரும், அவ்வளவுதானான்னு தோணும். நஷ்டம் அங்க இல்ல தம்பி. மரம் சூடாகி விடுற புகை இருக்கு பாரு, அதுலதான் பாதிக்கு மேல சூடு இருக்கு, அது எரியணும்னா உள்ள 600 டிகிரியாச்சும் வேணும். ஈர விறகு நெருப்ப அந்த அளவுக்கு ஏற விடாது. அப்ப புகை எரியாமயே மேல போகுது, புகைபோக்கில குளிர்ந்து தார் மாதிரி கீலா படியுது. உன் செவத்துல இறங்குனது அதுதான். அது வெறும் கறைனு நெனைக்காத, அந்தக் கீல் காஞ்சு கெட்டியானப்புறம் ஒருநாள் நெருப்பு நல்லா எரியறப்ப அதுவே பத்திக்கும், புகைபோக்கி செவசெவன்னு ஆகி கூரைப் பலகைய பிடிச்சுக்கும். ஒரு குவார்ட்டர்ஸ்ல அப்படி ஆனத நான் நேர்ல பாத்திருக்கேன். இனி பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கட்டாயம் புகைபோக்கிய கழட்டி சுரண்டு.

புருவம் போன கதையும் அதேதான். சருகு அமுங்கி காத்துப் போற வழிய அடைச்சிருச்சு, எரியாத புகை அறை முழுக்க சேந்து நின்னுச்சு, நீ கதவத் தொறந்ததும் காத்து பட்டு மொத்தமா பத்திக்கிச்சு. இன்னிமே கதவ ஒரு விரக்கடை தொறந்து பத்து எண்ணிட்டு அப்புறம் முழுசா தொற, மூஞ்சிய நேரா வைக்காத.

இலைல இன்னொரு தொல்லை சாம்பல். நல்ல விறகு நூறு கிலோ எரிச்சா ஒரு கிலோ சாம்பல் தேறும், இலைனா அஞ்சாறு கிலோ வரும், அது உருகி அடுப்புக் கம்பில கல்லு மாதிரி கிட்டம் கட்டிக்கும். தைலம் காய்ச்சுற கொட்டகைல எண்ணெய் எடுத்த கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையையே காயவச்சு அடுப்புல தள்ளுவாங்க, நீயும் பாத்திருப்ப, ஆனா அங்க ஒரு ஆள் பக்கத்துலயே நின்னு கொஞ்சம் கொஞ்சமா வீசிட்டே இருப்பான். வீட்டு பாய்லர்ல அது ஆகாது.

இப்ப செய்ய வேண்டியது: சீகைதான் உன் சொத்து, அத விட நல்ல விறகு நம்ம மலைல கிடைக்கிறது கஷ்டம். அடுத்து கவாத்து மிலார், அதான் தேயிலைச் செடிய வெட்டி விடுறப்ப விழுற கொம்பு, கையளவு தடிமன்ல இருக்கற தேயிலைக் கட்டை நின்னு எரியும். சில்வர் ஓக், சைப்ரஸ் கொம்பு எல்லாம் லேசு, சீக்கிரம் எரிஞ்சுரும், ஆனா காஞ்சா பரவால்ல. மணிக்கட்டு தடிமனுக்கு மேல இருக்கறதெல்லாம் ரெண்டா பொளந்துரு, பொளக்காம வச்சா பட்டைக்குள்ள ஈரம் அப்படியே நிக்கும். நமக்கு ஐப்பசி கார்த்திகைலயும் மழை, ஆடிலயும் ஈரம், அதனால தைல இருந்து சித்திரை வரைக்கும் இருக்கற வெயில விட்டா வேற காலமே இல்ல. கல்லு மேல அடுக்கி, மேல மட்டும் தகரம் போடு. தார்ப்பாய போட்டு நாலு பக்கமும் மூடுனா பூஞ்சைதான் பிடிக்கும்.

காஞ்சுதான்னு எப்படி தெரியும்னு கேப்ப. அஞ்சு கட்டைல சாக்பீஸால நம்பர் போட்டு எடை எழுதி வை. மாசம் ஒருக்கா அதே அஞ்சையும் தராசுல வை. எடை குறையறது நின்னப்புறந்தான் எரிக்கணும். ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டுனா டொப்புனு கேட்டா ஈரம், டங்குனு கேட்டா காஞ்சது.

அரை ஏக்கர், கோத்தகிரி:

ஐயா, கண்ணுல தண்ணி வந்துருச்சு, இவ்வளவு வெளக்கமா யாருமே எனக்கு சொன்னதில்ல. அக்கா, கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. கீழ்வீட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஒரு சந்தேகம். ராத்திரி முழுக்க எரியணுமேன்னு நான் காத்துக் கதவ மூடி மெதுவா எரிய விடுவேன். காஞ்ச விறகுனா அப்படி செய்யலாமா? அப்புறம் ஒரு வருசத்துக்கு எவ்வளவு விறகு வேணும்னு யாராச்சும் கணக்கு சொல்ல முடியுமா?

கொடைக்கானல் பைப்:

அண்ணே, நான் கொடைக்கானல்ல பிளம்பிங் வேலை பாக்குறேன், காட்டேஜ்களுக்கு விறகு பாய்லர் நெறைய மாட்டிருக்கேன். மெதுவா எரிய விடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. காத்த அடைச்சா காஞ்ச விறகும் புகையும், கீலும் வரும். விறகு பாய்லர முழுசா எரிய விட்டு ரெண்டு மூணு மணி நேரத்துல முடிச்சுரணும். அந்தச் சூட்ட தண்ணில சேத்து வச்சு ராத்திரிக்கு மெதுவா எடுத்துக்கணும். அதுக்கு ஒரு டேங்க் வேணும்.

500 லிட்டர் டேங்க்ல தண்ணி 40ல இருந்து 80 டிகிரிக்கு ஏறுனா 23 யூனிட் சூடு அதுல நிக்கும். கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான். காஞ்ச விறகு கிலோவுக்கு 4 யூனிட், பாய்லர் அதுல நூத்துக்கு 65 பிடிச்சுக் குடுத்தா ராத்திரிக்கு 9 கிலோ விறகு ஆகும். சாயங்காலம் பத்த வச்சு எட்டு மணிக்கு அணைஞ்சுரும், ரெண்டு ரேடியேட்டரும் விடிய விடிய வெதுவெதுன்னு இருக்கும். 90 ராத்திரினு வச்சா 810 கிலோ, பச்சையா வெட்டுறப்ப 1300 கிலோ இருக்கணும். உங்க தோட்டத்துல கவாத்து வர்ற வருசம் கிடைச்சுரும், மத்த வருசத்துக்கு கொஞ்சம் வெலைக்கு வாங்க வேண்டியிருக்கும். கவாத்து நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்காதான வரும், அந்த வருச மிலார மொத்தமும் எரிச்சுராதீங்க.

பாய்லருக்கு திரும்பி வர்ற தண்ணி 60 டிகிரிக்கு கீழ இருந்தா காஞ்ச விறகு போட்டாலும் உள்ள இரும்பு வேர்த்து துரு பிடிக்கும், கீலும் ஒட்டும். அதுக்குனு திரும்பி வர்ற தண்ணில சுடுதண்ணிய கலந்து விடுற மிக்ஸிங் வால்வு இருக்கு, கேட்டு வாங்கி மாட்டிருங்க.

இப்ப சொல்றதுதான் முக்கியம், மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க. கரண்ட் போனா பம்ப் நிக்கும், நெருப்பு நிக்காது. அடைச்ச பாய்லர்ல தண்ணி கொதிச்சா அது வெடிகுண்டு. நம்ம உசரத்துல தண்ணி 100 வரைக்கும் காத்திருக்காது, எங்க கொடைக்கானல்ல 93லயே கொதிச்சுரும், உங்களுக்கு 94. அதனால எல்லாத்துக்கும் மேல ஒரு சின்ன தொட்டி, அதுக்கு பாய்லர்ல இருந்து நேரா ஒரு பைப், அந்த பைப்புல வால்வுங்கறதே இருக்கக் கூடாது. ஷெட்டு வீட்டுக்கு கீழ் மட்டத்துல இருக்கா? இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், ஒண்ணரை இஞ்ச் பைப் போட்டு டேங்க மேல வச்சா சுடுதண்ணி தானா ஏறும், பம்பே இல்லாம ஓடும். மலை குடுக்கற சரிவ பயன்படுத்திக்கணும்ணே.

தலைகுந்தா:

எதுக்குங்க இத்தன வேலை, நாங்க தட்டுல கரி நெருப்பு போட்டு ரூமுக்குள்ள வச்சுக்குவோம், உறைபனில கூட கதகதப்பா இருக்கும். அந்த சீகை, சில்வர் ஓக்க அடியோட வெட்டி வித்தா டேங்க் காசும் வந்துரும்.

கொடைக்கானல் பைப்:

அண்ணே தயவு செஞ்சு வேண்டாம். கரி நெருப்பு கார்பன் மோனாக்சைடு விடும், வாசனை இருக்காது, புகையும் தெரியாது, தூக்கத்துலயே உயிர் போயிரும். எங்க ஊர்லயும் உங்க ஊர்லயும் ரூம அடைச்சு கரி வச்சுத் தூங்குனவங்க எந்திரிக்கவே இல்லனு எத்தன தடவ பேப்பர்ல படிச்சிருக்கோம். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு அந்த யோசனைய சொல்லாதீங்க, நீங்களும் இன்னிக்கே நிறுத்திருங்க. மரத்த அடியோட வெட்டுறதும் நம்ம இஷ்டம் இல்ல, 1955ல வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, நம்ம நெலத்து மரம்னாலும் வெட்ட அனுமதி வாங்கணும். விழுந்த கொம்பு, கவாத்து மிலார், வேலி வெட்டுனது, இது போதும்.

அரை ஏக்கர், கோத்தகிரி:

ஒரு வருசம் கழிச்சு எழுதுறேன், யாராச்சும் இன்னும் பாக்குறீங்களான்னு தெரியல.

தைல அடுக்குனேன். மூணாம் நம்பர் சீகைக் கட்டை அன்னிக்கு 2 கிலோ 100, சித்திரை கடைசில 1 கிலோ 300, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அசையல. தட்டுனா ஐயா சொன்ன அதே டங்கு. ஷெட்டு வீட்டுக்கு எட்டடி கீழதான் இருக்குது, அதனால டேங்க மேல ஏத்தி பைப்ப மாத்திட்டேன், மேல் தொட்டியும் வால்வில்லாத பைப்பும் வச்சாச்சு, மிக்ஸிங் வால்வும் போட்டேன். ஐப்பசில நாலு நாள் கரண்ட் இல்ல, பம்ப் ஓடாமயே ரேடியேட்டர் சுட்டுச்சு. ராத்திரிக்கு 9 இல்லங்க, 11 கிலோ ஆகுது, தகரக் கூரை அவ்வளவு சூட்ட விட்டுருது போல, சீலிங் மேல ராக்வூல் (சூட்ட வெளிய விடாத கல்பஞ்சு) போடணும். விடியக்காலைல ஹால்ல 16 டிகிரி நிக்குது. அப்பா காலைல எந்திரிச்சதும் சட்டைய ரேடியேட்டர் மேல விரிச்சு சூடு பண்ணித்தான் போடுறாரு.

பத்த வச்ச மொத பத்து நிமிசம்தான் புகை, அப்புறம் புகைபோக்கி மேல காத்து நெளியறது மட்டும் தெரியுது. நேத்து சங்கிலி விட்டுத் தட்டி சுத்தம் பண்ணேன், ஒரு பால் டப்பா அளவுக்கு காஞ்ச கரி விழுந்துச்சு, பிசுபிசுப்பு இல்ல. தழை எல்லாம் அக்கா சொன்ன கம்பி வலைல இருக்குது, சைப்ரஸ் மட்டும் மக்கவே மாட்டேங்குது. சாம்பல தேயிலைக்கு அடில போடலாமா?

பழைய ஃபயர்மேன், கட்டபெட்டு:

பாத்துட்டுதான் இருக்கேன் தம்பி. பிசுபிசுப்பு இல்லனா நெருப்பு சரியா எரியுது. சாம்பல தேயிலைக்குப் போடாத, தேயிலைக்குப் புளிச்ச மண்ணுதான் பிடிக்கும், சாம்பல் அத மாத்திரும். பீன்ஸ் பாத்திக்கும் முட்டைக்கோசுக்கும் தூவு. ரெண்டு நாள் இரும்பு வாளில ஆற வச்சுட்டு எடு, உள்ள கங்கு இருக்கும். சைப்ரஸ் தழைய கத்தியால நறுக்கி வேலி அடிலயே பரப்பிரு, அது பாட்டுக்கு மக்கட்டும்.