மறு: மெட்டாலிக்: ‘உலோக’ என்றால் போதாதா?

ஐயா, வணக்கம். ‘மெட்டாலிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொல் வேண்டும் என்றதற்கு நீங்கள் எழுதியிருந்தது:

> ‘உலோக’ என்று போட்டால் முடிந்தது. எதற்கு இரண்டு சொல்?

உலோகப் பிணைப்பு, உலோகத் தகடு என்று வரும் இடங்களில் முடிந்ததுதான். அயோடினில்தான் இடிக்கிறது. அது அலோகம், ஆனால் படிகம் கருமையாக, உலோகம் மாதிரி மினுங்கும். பைரைட்டும் அப்படியே: இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், பார்வைக்குத் தங்கம். இவற்றுக்கு ‘உலோகப் பளபளப்பு’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளை அயோடினை உலோகத்தில் சேர்த்துவிடும். ‘அதனால் ஆன’, ‘அதைப் போன்ற’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே விகுதி. நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

‘மெட்டல்’ என்ற சொல்லின் மூலம் கேட்டிருந்தீர்கள். கிரேக்கத்தில் ‘மெட்டல்லான்’ முதலில் சுரங்கம். தோண்டிய இடத்தின் பெயர் தோண்டியெடுத்த பொருளுக்கு ஏறியது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. (நான் குடியிருக்கும் சென்னைத் தங்கசாலைத் தெருவில் கதை தலைகீழ். இங்கே பொருளின் பெயர் இடத்துக்கு ஏறிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நாணயம் அடித்த ஆலை போய்விட்டது, தெருப்பெயர் போகவில்லை.) நம்மிடம் ‘பொன்’ என்பதே பொதுப்பெயராகவும் இருந்தது. இரும்பு கரும்பொன், ஐம்பொன் இன்றும் வழக்கில் இருக்கிறது.

பேச்சில் நாம் பொதுப்பெயருக்குப் போவதே குறைவு. சீர்காழி கோவிந்தராஜனுக்கு வெண்கலக் குரல். குழாய்த் தண்ணீரில் துரு வாடை. ஆங்கிலத்தில் ‘மெட்டாலிக்’ குரல் என்றால் பெரும்பாலும் காதைக் குடைவது. வெண்கலக் குரலோ பாராட்டு. கதை மொழிபெயர்ப்பவர்கள் தயவுசெய்து இதில் கலைச்சொல்லைத் திணிக்க வேண்டாம்.

பெயின்ட் மட்டும் என்னைக் குழப்பியது. வண்ணாரப்பேட்டையில் ஒரு டிங்கர் பட்டறையில் கேட்டேன். “சாலிட்ல வெறும் கலர் சார். மெட்டாலிக்ல அலுமினியத் தூள் இருக்கும், அதான் வெயில்ல மினுங்குது” என்றார். ஆக அதில் உலோகமே இருக்கிறது. ‘உலோகப்பூச்சு’ என்றால் முலாம் என்று படும், ‘உலோகத்தூள் வண்ணம்’ எனலாம்.

அயோடின் போல, உலோகமாக இல்லாமல் உலோகம் மாதிரி இருப்பதற்கு என் பரிந்துரை ‘உலோகநிகர்’. ‘உலோகப்போலி’யைப் பாடநூல்கள் சிலிக்கன், ஜெர்மானியம் வகைக்கு எடுத்துக்கொண்டன, அதைத் தொட முடியாது. ‘மெய்நிகர்’ எல்லோருக்கும் பழகிவிட்டதால் இதுவும் உறுத்தாது.

அப்புறம், உலோகநிகர் பளபளப்பா, உலோகநிகர்ப் பளபளப்பா? ஒற்று விஷயத்தை உங்களிடமே விடுகிறேன்.