மின்ட் போட்டதிலிருந்து டி டிரைவில் சேவ் ஆகமாட்டேங்குது, விண்டோஸில் மணியும் தப்பா ஓடுது. யாராவது உதவுங்க

தட்டச்சு_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டரோட உள்விஷயம் எதுவும் தெரியாது, ஆனா பிழைப்பே அதுலதான். திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வக்கீல்களுக்கு டைப் அடிச்சுக் கொடுக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், நடுநடுவில் காதுகுத்துப் பத்திரிகை. இருபது வருஷத்துக்கு மேல இதே வேலை.

லேப்டாப் 2016ல் வாங்கினது. ஐ3, 4 ஜிபி ரேம், பழைய சுத்துற ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுடுச்சு, 11 இதுல ஏறாதுன்னு பையன் சொன்னான். லீவுக்கு வந்தவன் விண்டோஸை அழிக்காம, பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇன்னு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்துட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டான். பரீட்சை நேரம், அவனை நச்சரிக்க மனசு வரலை.

மின்ட் பிடிச்சுத்தான் இருக்கு. விண்டோஸ் எழுந்திருக்கிறதுக்குள்ள காபி போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவி வச்சிடலாம், இது அப்படி இல்லை. ஆனா மூணு தலைவலி.

என் வேலை மொத்தமும் டி டிரைவில் இருக்கு. மின்டில் அதைத் திறந்து மனுவைத் திருத்தி சேவ் கொடுத்தா ரீட் ஒன்லின்னு சொல்லுது. சரி, எப்பவுமே அப்படின்னா புரியும். சில நாள் நல்லா சேவ் ஆகுது, மறுநாள் ஆகமாட்டேங்குது. டிஸ்க் போகப்போகுதோன்னு பயம்.

ரெண்டாவது, விண்டோஸுக்குப் போனா மணி தப்பா இருக்கு. கடையில காட்டினேன். உள்ளே இருக்கிற பேட்டரி போச்சுன்னு மாத்தி 150 ரூபாய் வாங்கிட்டார். அப்புறமும் தப்புதான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அடிச்ச மனுவுல முந்தின நாள் தேதி தானா விழுந்து, வக்கீல் சார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

மூணாவது, பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடிச்ச ஃபைல் எல்லாம் மின்டில் ஒரே இங்கிலீஷ் குப்பையா தெரியுது.

வேற லினக்ஸ் போடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, கும்பிடறேன்.

நெல்லை_பென்குயின்:

அக்கா, பயப்படாதீங்க. மூணுமே தெரிஞ்ச விஷயம்தான். டிஸ்க் போறதுக்கான அறிகுறி எதுவும் இதுல இல்லை.

முதல்ல ஒரு கேள்வி. சேவ் ஆகாத நாளைக்கு முன்னாடி விண்டோஸை எப்படி மூடினீங்க? ஷட்டவுன் கொடுத்தா, ரீஸ்டார்ட் கொடுத்தா? சேவ் ஆன நாளையும் யோசிச்சுச் சொல்லுங்க.

வேகம்_வேகம்:

4 ஜிபி ரேமுக்கு மின்டே கொஞ்சம் கனம். ஆர்ச்னு இன்னொரு லினக்ஸ் இருக்கு, அதைப் போட்டா பறக்கும். என் பழைய மெஷின்ல...

நெல்லை_பென்குயின்:

தம்பி, அவங்க கடைசி வரியைப் படிச்சியா இல்லையா? நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குப் போக வேண்டிய பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு ஆர்ச் விக்கி படிக்கச் சொல்றியா?

தட்டச்சு_அக்கா:

நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சேன். ராத்திரி வேலை முடிஞ்சா எப்பவும் விண்டோஸில் ஷட்டவுன்தான் கொடுப்பேன். மறுநாள் காலையில மின்டுக்குப் போனா சேவ் ஆகாது. ஆனா பகல்ல விண்டோஸில் ஏதாவது பிரிண்ட் எடுத்துட்டு அங்கிருந்தே ரீஸ்டார்ட் கொடுத்து மின்டுக்கு வந்தா நல்லா ஆகுது! ஷட்டவுன் கொடுத்தா முழுசா மூடித்தானே ஆகணும்? ரீஸ்டார்ட்தானே அரைகுறை?

நெல்லை_பென்குயின்:

எல்லாரும் அப்படித்தான் நினைப்போம், நடக்கிறது நேர்மாறு. விண்டோஸ் 8லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு வந்துச்சு. ஷட்டவுன் கொடுக்கும்போது உங்க புரோகிராம்களை மூடிடும், ஆனா தன்னோட உள்கட்டு வேலையை மூடாது. அதை அப்படியே ஒரு ஃபைலில் எழுதிட்டுத் தூங்கப் போயிடும். அடுத்த தடவை சீக்கிரம் எழுந்திரிக்க அந்த ஏற்பாடு. ரீஸ்டார்ட் கொடுத்தா மட்டும் எல்லாத்தையும் ஒழுங்கா மூடிட்டுப் புதுசா ஆரம்பிக்கும்.

அப்படி அரைத்தூக்கத்தில் போகும்போது டி டிரைவில் என்னென்ன எங்க இருக்குங்கிற கணக்கும் பாதி விண்டோஸ் ஞாபகத்திலேயே நிக்குது. கடைக்காரர் கணக்கு நோட்டைத் திறந்து வச்சிட்டுச் சாப்பிடப் போன மாதிரி. அந்த நேரத்துல மின்ட் வந்து அதே நோட்டுல எழுதினா, அவர் திரும்பி வந்து தன் ஞாபகத்தில் இருக்கிறதை மேலே எழுதுவார். கணக்கு நாசம். அதனாலதான் மின்ட் தானாவே ஒதுங்கி, படிச்சுக்கிறேன், எழுதமாட்டேன்னு நிக்குது. அதைக் கோளாறுன்னு நினைக்காதீங்க, உங்க ஃபைலைக் காப்பாத்துற வேலை.

சரிபண்ற வழி விண்டோஸுக்குள்ளதான் இருக்கு. கண்ட்ரோல் பேனல் போங்க, பவர் ஆப்ஷன்ஸ் திறங்க. இடது பக்கம் பவர் பட்டன் என்ன செய்யணும்னு தேர்ந்தெடுக்கிற வரி இருக்கும், அதை அமுக்குங்க. கீழே டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒரு டிக் இருக்கும். ஆனா அது மங்கலா, தொட முடியாம கிடக்கும். இங்கதான் நிறைய பேர் திரும்பி வந்துடுவாங்க. அதே பக்கத்தில் மேலே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுன்னு நீல எழுத்தில் சின்னதா ஒரு வரி இருக்கும். அதை முதல்ல அமுக்கினாத்தான் டிக் உயிர் பெறும். டிக்கை எடுத்து, சேவ் சேஞ்சஸ் கொடுத்து, ஒரு தடவை ஷட்டவுன் பண்ணுங்க.

அவசரத்துக்கு வேற வழியும் உண்டு. ஷிஃப்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஷட்டவுன் கொடுத்தா அந்த ஒரு தடவை முழுசா மூடும்.

கறுப்புத்திரை:

இவ்வளவு சுத்த வேண்டாம். மின்ட் டெர்மினல்லயே, அதான் கட்டளை அடிக்கிற ஜன்னல்ல, ஒரு கட்டளை இருக்கு, விண்டோஸ் எழுதி வச்ச தூக்க ஃபைலைத் தூக்கி எறிஞ்சிட்டு டிரைவைத் திறந்திடும். ஒரே வரி.

நெல்லை_பென்குயின்:

அக்கா, அதைச் செய்யாதீங்க. வெறும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். ஆனா என்னிக்காவது நீங்க ஹைபர்னேட் (திறந்ததை எல்லாம் அப்படியே வச்சுக்கிட்டுத் தூங்குறது) கொடுத்திருந்து, அதுல சேவ் பண்ணாத மனு ஒண்ணு திறந்து கிடந்தா, அதுவும் சேர்ந்து போயிடும். விண்டோஸே எழுந்திருக்காத நிலைமைக்குத்தான் அந்தக் கட்டளை. உங்க மெஷின்ல விண்டோஸ் நல்லா இருக்கு.

கறுப்புத்திரை:

ஒத்துக்கறேன். என் மெஷின்ல இழக்க ஒண்ணும் இல்லை, அந்த நினைப்புல சொல்லிட்டேன். பரிகாரமா மணிக் கோளாறை நான் பார்க்கிறேன்.

அக்கா, தப்பு எத்தனை மணி நேரம்னு பாருங்க. சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கா? ராத்திரி 9 மணின்னா விண்டோஸ் மதியம் 3.30னு காட்டும்.

தட்டச்சு_அக்கா:

ஆமாம் தம்பி! விடிகாலை 4 மணிக்கு முந்தின நாள் ராத்திரி 10.30 காட்டியிருக்கு. அப்போ தேதி தப்பா விழுந்தது அதனாலதானா?

கறுப்புத்திரை:

அதேதான். பேட்டரி மேல ஒரு தப்பும் இல்லை, 150 ரூபாய் போனது போனதுதான். பேட்டரி செத்துப் போயிருந்தா மணி எங்கேயோ போய் நிக்கும், வருஷம்கூட மாறும். ஒவ்வொரு தடவையும் கச்சிதமா அஞ்சரை மணி நேரம்னா அது கிரீன்விச் கணக்கு, அதாவது உலகப் பொது மணி.

மெஷினுக்குள்ள ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கு. விண்டோஸ் அதுல நம்ம ஊர் மணியை எழுதி வைக்கும். லினக்ஸ் உலகப் பொது மணியை எழுதி வைக்கும், திரையில் காட்டும்போது மட்டும் அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கும். மின்ட் எழுதிட்டுப் போனதை விண்டோஸ் வந்து நம்ம ஊர் மணின்னு நினைச்சுப் படிக்குது. ஒரு கடிகாரம், ரெண்டு எஜமான்.

ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டுக் கொடுக்கணும். மின்டை விட்டுக் கொடுக்கச் சொல்றது சுலபம், இந்தத் தடவை நிஜமாவே ஆபத்தில்லாத ஒரே வரி கட்டளை. எழுத்துப் பிசகாம இருக்கப் படமா எடுத்து இணைச்சிருக்கேன், அதைப் பார்த்து டெர்மினலில் அடிங்க. அதுக்கப்புறம் நிலவரம் கேட்டா மின்ட் ஒரு எச்சரிக்கை காட்டும், வருஷத்துக்கு ரெண்டு தடவை மணியை மாத்துற நாடுகளில் தகராறு வரும்னு. நமக்கு அந்த வழக்கமே இல்லை, கண்டுக்காதீங்க. அப்புறம் விண்டோஸில் ஒரே ஒரு தடவை மணியைச் சரியா வச்சிடுங்க.

யாழ்_கீபோர்ட்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம். இஞ்சயும் பாமினியில அடிச்ச ஃபைல் இல்லாத கந்தோர் இல்லை, அதால மூண்டாவதை நான் சொல்லுறன்.

பாமினி ஃபைலுக்குள்ள உண்மையில தமிழே இல்லை, அக்கா. நீங்கள் அம்மா எண்டு அடிச்ச இடத்தில ஃபைலுக்குள்ள கிடக்கிறது எம், கே, அரைப்புள்ளி, திரும்பக் கே, எச். அந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கு மேல தமிழ் உருவம் போர்த்தினதுதான் பாமினி எழுத்துரு. மின்டில அந்த எழுத்துரு இல்லை, போர்வை இல்லாமல் உள்ளுக்கு இருக்கிறது தெரியுது. ஒண்டும் பழுதாகேல்லை.

விண்டோஸ் இருக்கிற சி டிரைவில விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ் எண்டு இருக்கும். அதில பாமினியைத் தேடி மின்டுக்கு நகல் எடுங்கோ. இரண்டு தரம் கிளிக் பண்ணினால் எழுத்துகளைக் காட்டி இன்ஸ்டால் பொத்தானும் வரும். மின்டில வேர்டுக்குப் பதிலா இருக்கிற லிப்ரே ஆபீஸை மூடித் திறவுங்கோ, எல்லாம் பழையபடி தெரியும். அடிக்கிறதும் முந்தி மாதிரியே, இங்கிலீஷ் கீபோர்டில பாமினியைத் தெரிவு செய்து அடிக்கலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கு. லிப்ரே ஆபீஸ் வசனத்தின்ர முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும். பாமினியில சின்னக் கே எண்டால் ம, பெரிய கே எண்டால் மு. சின்ன ஜே த, பெரிய ஜே து. மகன் எண்டு தொடங்கினால் முகன் எண்டு மாறி நிக்கும். டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குற டிக்கையும், தொடக்கத்தில இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்துற டிக்கையும் எடுத்துவிடுங்கோ.

தட்டச்சு_அக்கா:

ஐயோ தம்பி, நேத்து ராத்திரி எங்கேயும் தமிழாவே தெரியிற அந்த யுனிகோடு முறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு பையன் எடுத்து வச்சிருந்த பாமினியைப் போட்டு அடிச்சுப் பார்த்தேன். தகப்பனார் பெயர்னு அடிச்சா துகப்பனார்னு நிக்குது! எனக்குக் கண்ணு போச்சுன்னு நினைச்சேன். வேர்டுல இப்படி வந்ததே இல்லை, எப்பவோ யாரோ நிறுத்தி வச்சிருக்கணும்.

இன்னொண்ணு. புது வக்கீல் ஒருத்தர் எல்லாத்தையும் யுனிகோடில் கேட்கிறார், அவர் போன்ல திறந்து பார்க்கணுமாம். எனக்கு டைப்ரைட்டர் விசைதான் கை பழகினது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின கை, இனிமே தமிழ்99 மாதிரி வேற விசை அமைப்பெல்லாம் ஏறாது.

யாழ்_கீபோர்ட்:

தேவையில்லை அக்கா. சாஃப்ட்வேர் மேனேஜரில ஐபஸ் எம்17என் எண்டு தேடிப் போடுங்கோ, தமிழ் அடிக்க உதவுறது அது. பிறகு இன்புட் மெதட் எண்டதில ஐபஸைத் தெரிவு செய்து, ஒருக்கா லாக் அவுட் ஆகி வாங்கோ. ஐபஸ் அமைப்பில தமிழுக்குக் கீழ தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் எல்லாம் கிடக்கும், எங்கட இலங்கை விசை அமைப்பு ரங்கநாதனும் கிடக்கும். நீங்கள் டைப்ரைட்டரை எடுங்கோ. ஒண்டு இரண்டு விசை இடம் மாறி இருக்கலாம், அரைநாளில கை பழகும்.

பழைய பாமினி ஃபைல்களை யுனிகோடாக்க இணையத்தில மாற்றிகள் இருக்கு. ஆனால் அவசரப்பட்டு எல்லாத்தையும் மாத்தவேண்டாம். பாமினியில கொம்பை முதல் அடிச்சு எழுத்தைப் பிறகு அடிக்கிறம், யுனிகோடு எழுத்தை முதல் வைச்சுக் கொம்பைப் பிறகு வைக்கும். மாற்றி அதைத் திருப்பிப்போடும், எண்டாலும் நடுவில இங்கிலீஷ் சொல் அல்லது வழக்கு எண் வந்தால் அதையும் தமிழ் எண்டு நினைச்சுக் குழப்பும். மாத்தினதை வரி வரியாய் வாசிச்சுப் பாருங்கோ.

நெல்லை_பென்குயின்:

அதோட, கட்சிக்காரங்க பேரும் விலாசமும் இருக்கிற மனுவை முகம் தெரியாத ஒரு வெப்சைட்டில் ஒட்டுறதுக்கு முன்னாடி வக்கீலைக் கேட்டுக்கோங்க. முடிஞ்சா பேர்களை எடுத்துட்டு ஒட்டி, வந்தப்புறம் சேர்த்துக்கோங்க.

அச்சக_அண்ணாச்சி:

நான் அச்சகத் தரப்புல இருந்து ஒண்ணு சொல்றேன்மா. காதுகுத்துப் பத்திரிகைக்குப் பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்க வடிவமைப்பு புரோகிராம் ஃபைலா கேட்கிற அச்சகம் இன்னும் நிறைய உண்டு. அது மின்டில் நேரடியா ஓடாது. அதனால விண்டோஸை அழிச்சிடாதீங்க. நெட்டைத் துண்டிச்சிட்டு அந்த ஒரு வேலைக்கு மட்டும் வச்சுக்கோங்க. மெயில், பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் மின்டில். இங்கிலீஷ் மனுவைப் பத்திக் கவலை வேண்டாம், டைம்ஸ் நியூ ரோமன் இல்லைன்னா லிபரேஷன் செரிஃப்னு ஒண்ணு அந்த இடத்துக்கு வரும். ரெண்டுக்கும் எழுத்து அகலம் ஒண்ணுதான், லீகல் தாளில் வரி தள்ளாது. பாமினிக்கு அப்படி மாற்றாள் கிடையாது.

தட்டச்சு_அக்கா:

எல்லாம் ஆச்சு! நீல எழுத்து வரியைக் கண்டுபிடிக்கத்தான் பத்து நிமிஷம் ஆச்சு, அவ்வளவு பொடிசா இருக்கு. ரெண்டு நாளா ஷட்டவுன் பண்ணிட்டுத்தான் வர்றேன், டி டிரைவில் சேவ் ஆகுது. மணி சரியா இருக்கு. பாமினி போட்டு 2009ல் அடிச்ச ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திறந்தேன், ஒரு வரிகூடத் தள்ளலை. டைப்ரைட்டர் விசையில் நேத்து 14 பக்கம் யுனிகோடில் அடிச்சேன், தடுமாறித் தடுமாறி. துகப்பனார் மறுபடி தகப்பனார் ஆயிட்டார்.

பிரிண்டர் பத்தி ஒரு சந்தேகம் இருக்கு, தனியா கேட்கிறேன்.

தட்டச்சு_அக்கா (மூணு வாரம் கழிச்சு):

தேடி வர்றவங்களுக்காக ஒரு வரி. அண்ணாச்சி சொன்னதைக் கேட்காம விண்டோஸில் நெட்டைப் போட்டு என்னத்தையோ புதுப்பிச்சேன். மறுநாள் மின்டில் மறுபடி ரீட் ஒன்லி. போய்ப் பார்த்தா அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக் திரும்ப விழுந்து கிடக்கு. யாரையும் கேட்கலை, நானே எடுத்துட்டேன். பையனுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னா, "அது என்னம்மா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்?"ங்கிறான்.